கதைப் புத்தகமும் நம் ஞாயிறு வகுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய உரை)

 

"தமிழ் வளர்ச்சிக்கு வழி" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அத்துணைப் பெரிய பொருளைத் தாங்கும் தோள் எனக்கு இல்லை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் தந்தையார் வெல்லிங்டன் தீவில் இருந்த துறைமுக இரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தார். நான் எறணாகுளம் சந்திப்பில் அம்மூட்டைகளின் கணக்கை எழுதுகிறேன். எந்தச் சிப்பம் எந்த ஊருக்குப் போக வேண்டும், எத்தனை கிலோ, யாரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதுதான் என் அறிவு. ஆகவே, நம் சங்கக் கட்டடத்தின் மூலையில் நிற்கும் மர அலமாரியையும், ஞாயிறு காலைகளில் நான் உதவியாளனாக இருந்து வரும் தமிழ் வகுப்பையும் பற்றி மட்டும் பேச இசைவு தரவேண்டுகிறேன்.

முதலில் பழங்கதை ஒன்று. இந்திய மொழி ஒன்றில் அம்மொழிக்குரிய எழுத்திலேயே இந்நாட்டில் அச்சான முதல் நூல் தமிழ் நூலே என்பதை நம்மிற் பலர் அறிவீர்கள். அது 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கமே உடையது. அடுத்த ஆண்டு, 1579 இல், 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூல் அச்சாயிற்று. எங்கே தெரியுமா? நாம் கூடியிருக்கும் இந்தக் கொச்சியிலேதான். இரண்டையும் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்த்துகீசியப் பாதிரியார். அவை சமய நூல்கள். நான் இங்கே சமயம் பேச வரவில்லை. நான் கண்டு வியந்தது வேறொன்று. கொச்சியில் அச்சான நூலின் மூலத்தை மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே, ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல எழுதியிருந்தார். எனவே, ஏறத்தாழ 445 ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் வெளிவந்த அத்தமிழ் நூலின் வேரிலே ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான்! ஆனால் ஒன்று: அவ்வுரையாடலில் கேள்வியும் முன்னமே எழுதப்பட்டது, விடையும் முன்னமே எழுதப்பட்டது. நம் ஞாயிறு வகுப்பும் நெடுநாள் அப்படித்தான் நடந்து வந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வகுப்பைத் தொடங்கியபோது 30 பேருக்குமேல் வந்தனர். சென்ற ஆண்டு இதே நாளில் 9 பேர் மிஞ்சினர். "ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு கூடம், ஒரு மின்விசிறி, இரண்டு உதவியாளர் எதற்கு? மூடிவிட்டால் அவ்வறையை வாடகைக்கு விடலாமே" என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. சங்கத்தின் வரவு செலவை அறிந்தவர் அவர். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஏனெனில், அந்த எண்ணிக்கை குறைந்ததில் என் பங்கும் இருந்தது.

அதை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன். அவன் தந்தை வெளியிலுள்ள சலவைக் கூடத்தில் தொழில் செய்பவர். (வெளி என்று நான் சொல்வது ஊர்ப்பெயர், நம்மூர்க் குழந்தைகளுக்குத் தெரியும்.) டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் பலர் இன்றும் அங்கே உழைக்கிறார்கள், இப்போதுள்ள கூடம் 1976 இல் கட்டிக் கொடுக்கப்பட்டது. அப்பையன் தன் பள்ளியில் மலையாளம் வாசிப்பதில் பரிசு வாங்கியவன். ஒரு ஞாயிறு, ஒரு பழைய பாடநூலை அவன் கையில் கொடுத்து, தமிழின் சிறப்பைக் கூறும் பத்தி ஒன்றை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். 'செம்மாந்து', 'தொன்மைச் செழுமை' என்பன போன்ற சொற்கள் அதிலே வரிக்கு இரண்டு இருந்தன. அவன் தடுக்கினான், மீண்டும் தடுக்கினான். அவனைவிட இளைய பிள்ளைகள் சிரித்தனர். நானோ, "மலையாளம் மட்டும் நாக்கில் ஓடுமோ?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் தந்தை ஊருக்கு ஒரு சிப்பம் அனுப்ப என் அலுவலகத்துக்கு வந்தார். பையனைப் பற்றிக் கேட்டேன். "அவனுக்குத் தமிழ் வராதுங்க சார், விட்டுடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலை முதல் இரவு வரை தன் ஆயாவோடு தமிழில் வாயாடும் பிள்ளைக்குத் தமிழ் வராது என்னும் தீர்ப்பை எழுதியவன் நானல்லவா?

அதன்பின் வகுப்பை வேறு கண்ணோடு பார்க்கலானேன்.

நம் பிள்ளைகளின் இடர்ப்பாடு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போலத் தமிழை முதல் எழுத்தாகக் கற்பவரல்லர். பள்ளியிலே மலையாள எழுத்தும் ஆங்கில எழுத்தும் கற்றபின், மூன்றாவதாக வாரத்தில் ஒரு நாள் தமிழ் எழுத்தைப் பார்க்கிறார்கள். மலையாளத்தில் ககரம் நான்கு, பகரம் நான்கு. ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி வடிவம். தமிழில் ஒன்றே. 'பூமி' என்று பலகையில் எழுதினேன், ஒரு சிறுமி, "இது எந்த 'ப' சார்?" என்று கேட்டாள். பள்ளியில் 'பூமி'க்கு ஒரு பகரம், 'பூ'வுக்கு வேறொரு பகரம் எழுதி வந்தவள் அவள். பிறகு தானாகவே, "பூ இருக்கிறதால் பூமியா?" என்றாள். நல்ல கேள்வி! இலக்கண ஆசிரியர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். நான் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

வினைச்சொல்லில் இன்னொரு தொல்லை. மலையாளத்தில் அவன் வந்தாலும், அவள் வந்தாலும், நாய் வந்தாலும், நாலு பேர் கூடி வந்தாலும் வினை ஒன்றே. 'வன்னு' என்றால் போதும். தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தது, வந்தனர் என்று வால் மாறிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டில் பேசும் தமிழ் வேறு, அச்சில் கிடக்கும் தமிழ் வேறு. 'போயிட்டாங்க' என்று நாள்தோறும் கேட்ட செவிக்கு 'போய்விட்டார்கள்' என்பது அயலூர்க்காரன் பேச்சுப் போல ஒலிக்கிறது. எனவே, நம் பிள்ளை தடுக்குவது மூளைக் குறையால் அன்று. மூன்று தடங்களில் வண்டி ஓட்டுகிறவன் சந்திப்புக்குச் சந்திப்பு வேகத்தைக் குறைக்கிறான், அவ்வளவே. இரயில்வேக்காரனாகிய எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும்.

சொற்பொருளிலும் வேடிக்கை உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "விடிவதற்குள் ஊருக்குள் வெள்ளம் வந்துவிட்டது" என்ற இடத்தில் சற்று நிறுத்தினேன்; பிள்ளைகள் அஞ்சட்டும் என்று. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முகம் மலர்ந்து, "குடத்தை எடுத்துக்கிட்டு ஓடணும்!" என்றாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்! குழாயில் நீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் மேற்குக் கொச்சியின் பிள்ளைக்கு, வெள்ளம் வந்தது என்பதைவிட நற்செய்தி வேறு உண்டா? 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளம் அவள் பிறப்பதற்கு முந்திய செய்தி. நான் அவளைத் திருத்த வாயெடுத்தேன், பிறகு அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் வகுப்பில் இரண்டு வெள்ளங்களைப் பற்றியும் பேச்சு நடந்தது. குழாயடியில் நடந்த சண்டை, தாத்தா சொன்ன புயல், வள்ளத்தில் ஏறிய ஆடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவ்வளவும் தமிழில்! ஓராண்டாக நான் வினாவும் விடையுமாக முயன்று பெறாத பேச்சு அது.

அன்று நான் கண்டுகொண்டது இது: பிள்ளை கதையைத் தன் வீட்டு முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அப்படி இழுக்க முடிகிற கதையே அதற்குரிய கதை. இழுக்க முடியாதது எவ்வளவு சிறந்த நூலாயினும் அலமாரியிலேயே இருக்கும்.

நம் அலமாரியைத் திறந்து பார்த்தேன். அன்பர்கள் நன்கொடையாகத் தந்தவை 200 நூல்களுக்குமேல் இருந்தன. சோதிடம், சித்த மருத்துவம், தேர்தல் மலர், கெட்டி அட்டையிட்ட தொடர்கதைகள், மூன்று படி ஒரே அகராதி. எட்டு வயதுப் பிள்ளை எடுத்துப் புரட்டத்தக்கவை 14. அவற்றிலும் நான்கில் பூச்சி குடியிருந்தது. நன்கொடையாளர்கள் வருந்தலாகாது. வீட்டில் இடம் போதாதபோது நமக்குச் சங்கத்தின் நினைவு வருகிறது. நானும் அப்படித் தந்தவன்தான்.

பிள்ளைகளுக்கு ஏற்ற தமிழ் நூல் இல்லையா? இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் முடிதிருத்தகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த 'அம்புலிமாமா' எனக்கு எழுத்தறிவித்தது. 1947 இல் தொடங்கிய அவ்விதழ் இப்போது வருவதில்லை. 'கோகுலம்' வந்தது, வாண்டுமாமா அவர்கள் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' வந்தது. அதற்கும் முன்னரே குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இருந்தார். வங்கியிலே அலுவல் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார் அவர். அவருடைய 'மலரும் உள்ளம்' முதன்முதல் 1944 இல் வந்தது. 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்ததிலும் அவர் முன்னின்றார். கணக்குப் பேரேட்டுக்கும் குழந்தைப் பாட்டுக்கும் பகையில்லை என்பதற்கு அவரே சான்று. என் போன்ற குமாஸ்தாக்களுக்கு அதில் ஒரு பெருமை. பெரியசாமித் தூரன் அவர்கள் பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை 10 தொகுதிகளாக முடித்ததோடு நில்லாமல், குழந்தைகளுக்கெனவும் 10 தொகுதிகள் கொண்டுவந்தார். இன்று எத்தனை சங்கங்களின் அலமாரியில் அது இருக்கிறதோ!

நூல் உண்டு, அதை வகுப்பில் பயன்படுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை. அவ்வழியை எனக்குக் காட்டியது நம் அடுத்த தெருவினரின் மொழியிலே தோன்றிய ஒரு நூல். மட்டாஞ்சேரியின் குஜராத்தித் தெருவை அறியாதார் யார்? அம்மொழியிலே கிஜுபாய் பதேகா என்பார், வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர், 1920 இல் பாவநகரில் ஒரு குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். மீசை வைத்த தாய் என்று அவரை அன்போடு அழைத்தார்களாம். அவர் எழுதிய 'பகற்கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டு தன் போக்கில் நடத்திப் பார்க்க இசைவு பெறுகிறார். எடுத்த எடுப்பில் பாடம் நடத்தவில்லை, கதை சொல்கிறார். நாளுக்கு நாள் கதை வளர்கிறது. கூச்சலிட்ட வகுப்பு கட்டுப்படுகிறது. பின்பு கதைப் புத்தகங்கள் வருகின்றன. பிள்ளைகளின் கைக்கு ஒரு சிறு நூலகமே வந்துவிடுகிறது. மேலதிகாரிகளும் உடன் ஆசிரியர்களும் "பாடம் எப்போது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்நூலை ஓர் இரவுப் பணியில், வண்டிகளுக்கு இடையில் படித்து முடித்தேன்.

மறுவாரம் முதல் வகுப்பின் முதல் கால் மணி நேரம் கதை படித்தலுக்கு ஆயிற்று. படிப்பவன் நான், கேட்பவர் அவர்கள். எழுந்து நில் என்பதில்லை, பொருள் சொல் என்பதில்லை, இறுதியில் வினா இல்லை. முதலிரண்டு வாரம் எனக்கே இது சோம்பேறித்தனமாகப் பட்டது. கதை முடிந்ததும், "இதனால் அறியும் நீதி யாது?" என்று கேட்க நாக்கு துடிக்கும். அதை அடக்குவது எளிதன்று! வடையைப் பறிகொடுத்த காக்கையின் கதையில் ஏமாறாதே என்னும் நீதியை நாம் தேடுகிறோம். ஒரு பையன் கேட்டான்: "அந்தப் பாட்டிக்கு வடைக்கு யார் காசு குடுத்தா?" காக்கையும் நரியும் போன பின்பும் பாட்டியைப் பற்றிக் கவலைப்பட ஒரு பிள்ளை இருந்தான். நான் நீதி கேட்டிருந்தால் அக்கேள்வி பிறந்திராது.

ஒரே கதையை மறுவாரமும் கேட்டார்கள். மூன்றாம் வாரமும் அதே கதை. எனக்கு அலுத்தது, அவர்களுக்கு அலுக்கவில்லை. நான்காம் வாரம், நான் படிக்கும்போது பின்னால் வந்து நின்று, என் விரல் போகும் வழியே வரிகளைப் பார்த்தார்கள். மனத்தில் ஏறிய சொல்லைக் கண் தேடிக் கண்டுபிடிக்கிறது. 'போய்விட்டார்கள்' என்னும் அயலூர்க்காரனை மூன்று முறை சந்தித்தபின் அவன் உறவினன் ஆகிவிடுகிறான். எழுத்துக் கூட்டும் பயிற்சியை நான் விட்டுவிடவில்லை. பலகையும் உண்டு, அட்டையும் உண்டு. முன்பு அதுவே விருந்தாக இருந்தது. இப்போது இலையின் ஓரத்து உப்பாயிற்று.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் என் முறை பாமரமானது. வாங்குமுன், வாய்விட்டு இரண்டு பக்கம் படித்துப் பார்க்கிறேன். என் நாக்கே தடுக்கினால் வைத்துவிடுகிறேன். பக்கத்துக்கு நாலைந்து வரிக்குமேல் இருந்தால் சிறியோர்க்கு வேண்டாம். படத்தை மட்டும் பார்த்துப் பாதிக் கதையைச் சொல்லிவிட முடிகிறதா என்று பார்க்கிறேன். சிரிப்பு இருக்கிறதா? இருந்தால் விலையைச் சற்றுப் பொறுத்துக்கொள்வேன். அரசகுமாரர்களைப் பற்றி எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் பத்து நூலில் ஒன்பதில் அரசகுமாரனே வந்தால், துணி வெளுப்பவரின் மகளும் மீன் கூடைக்காரியின் மகனும் எந்த நூலில் வருவார்கள்? பெண்பிள்ளை மரம் ஏறுகிற கதை ஒன்று கிடைத்தது. அதை நம் வகுப்புப் பெண்கள் கிழியும்வரை படித்தார்கள். ஒட்டுத்தாள் போட்டிருக்கிறேன்.

நம்மூர்ப் பிள்ளைக்கென்றே ஒரு வசதியும் உண்டு. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே கதையை, அதே படங்களோடு, பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறார்கள். 1996 இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகமும் தமிழிலும் மலையாளத்திலும் பட நூல்கள் தருகிறது. ஆங்கிலமும் தமிழும் அருகருகே நிற்கும் நூல்களும் அங்கே உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் வழியாகக் கைப்பேசியிலேயே விலையின்றிப் படிக்கலாம். நான் செய்வது இதுதான்: முதலில் பிள்ளை மலையாளப் படியைப் படித்து எங்களுக்குச் சொல்லட்டும். அங்கே அவன் அரசன். பிறகு அதே படங்களுள்ள தமிழ்ப் படியை அவன் கையில் கொடுக்கிறேன். கதை தெரியும், படம் தெரியும். இனி எழுத்து ஒன்றுதான் புதியது. மலையாளம் நமக்குப் பகையன்று, ஏணி என்பதை இதனால் தெரிந்துகொண்டேன். பாலரமாவின் மாயாவியையும் குட்டூசனையும் நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டுத் தமிழ் வளர்க்க முடியாது. மாயாவி கதையைத் தமிழில் சொல் என்றால், சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், மணியடித்தாலும் நிறுத்துவதில்லை.

இம்மொழிகளுக்கு இடையே பாலம் போட்டோர் நம் காலத்திலும் உளர். கோவில்பட்டி உதயசங்கர் அவர்கள் மலையாளத்திலிருந்து சிறுவர் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், தாமும் எழுதுபவர். அவருடைய 'ஆதனின் பொம்மை' 2023 இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்காரம் பெற்றது. அவர் இரயில் நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர் என்பதை இங்கே சற்று உரக்கச் சொல்கிறேன். எங்கள் துறையார் சிலர் பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே பரிசைப் பெற்ற யூமா வாசுகி அவர்களும் மலையாளத்திலிருந்து பல நூல்களைத் தந்தவர். 2020 இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வேறு வகை நூல். பெரியவர் ஒருவரின் தகாத நடத்தையால் அச்சமுற்று வெளியே சொல்லத் தயங்கும் சிறுமிக்கு, ஒரு மரப்பாச்சிப் பொம்மை துணை நிற்கும் கதை. இதைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் தாய்மார்கள் ஒருமுறை படியுங்கள். படித்தபின் கொடுக்காமல் வைத்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பை வைத்துப் பிரிக்கவில்லை. வாசிப்பை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இதை நான் பின்பற்றலானேன். நம் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பையன் 'நுழை'யில் இருக்கிறான். மூன்றாம் வகுப்புப் பெண் 'ஓடு'கிறாள். அவனுக்கு வெட்கம் வராதிருக்க ஒரு சூழ்ச்சி செய்தேன். "சிறியவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும், நீ வா" என்றேன். சிறியவர்க்குப் படித்துக் காட்டுகிறவன் சிறிய நூலை எடுப்பதில் யார் குறை காண்பார்? வீட்டில் நான்கு முறை ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறான் என்று அவன் அம்மா சொன்னார்கள்.

நம் குறளும் ஆத்திசூடியும் என்னாவது என்று மூத்தோர் கேட்கிறீர்கள். அவை இருக்கட்டும். ஒப்புவித்தல் போட்டியும் நடக்கட்டும்; கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் 50 குறளை ஒப்புவித்துக் கோப்பை வாங்கிய பிள்ளையிடம், பேருந்தின் நெற்றியிலுள்ள தமிழ்ப் பலகையைக் காட்டினேன். பழனிக்குப் போகும் வண்டி அது. படிக்க முடியவில்லை. கோப்பை வீட்டில் பளபளக்கிறது.

நூலில்லாத இடத்தில் நூலை நாமே செய்யலாம் என்பதும் இவ்வாண்டு கற்ற பாடம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் அம்மையார், பிள்ளைக்கு எந்தச் சொல் உயிரானதோ அதைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பாராம். 1963 இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நாங்களும் கேட்டோம். பாடநூலில் இல்லாத சொற்கள் வந்தன: கஞ்சி, இஸ்திரி, கொடி, நீலம், வள்ளம், மூட்டை. சலவைக் கூடத்தில் வேலை செய்து ஓய்ந்த ஆயா ஒருவரை ஒரு ஞாயிறு அழைத்து வந்தோம். அரிசிக் கஞ்சி எப்படிப் போடுவது, கிளிப்பு இல்லாமல் முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி எப்படி உலர்த்துவது, மழை இருட்டிக்கொண்டு வந்தால் கூடமே எப்படி ஓடும் என்றெல்லாம் சொன்னார். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எழுதினார்கள், படம் போட்டார்கள், பழைய நாட்காட்டித் தாளை அட்டையாக்கி நான் தைத்துக் கொடுத்தேன். 12 பக்கம். எழுத்துப் பிழை 40 இருக்கும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் சொல்லே அச்சுப்போலத் தாளில் இருப்பதைப் பிள்ளை படித்துக் காட்டியபோது, "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார். அந்நூல் இப்போது அலமாரியில் முதல் தட்டில் இருக்கிறது. விழா முடிந்தபின் பாருங்கள்.

வகுப்புக்கு இன்று 17 பேர் வருகிறார்கள். 30 ஆகவில்லை, ஆகும் என்று உறுதி கூறவும் இயலாது. சிலர் இப்போதும் தடுக்குகிறார்கள். எனினும் தடுக்கியபின் புத்தகத்தை மூடி வைப்பதில்லை.

நான் மனம் நோகச் செய்த அந்தப் பையன் திரும்பி வரவில்லை. இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனேன். ஒருமுறை, "தம்பி, அன்று நான் பேசியது தவறு" என்று சொன்னேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான். ஆனால் அவன் தங்கை ஆவணி முதல் வருகிறாள். வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு நூல் என்பது விதி. அவள் இரண்டு கேட்பாள். ஒன்று அவள் வயதுக்குரியது. மற்றொன்று சற்றுப் பெரியவர்க்குரியது. இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்பதில்லை. பேரேட்டில் அவள் பெயரிலேயே இரண்டையும் பதிந்து கொடுக்கிறேன். திரும்பி வரும்போது இரண்டாவது நூலின் மூலைகளும் மடங்கியிருக்கின்றன.

செயற்குழுவிடம் என் விண்ணப்பம் மூன்று. அடுத்த ஆண்டு முதல் பரிசுகளை எவர்சில்வர் கிண்ணமாகத் தராமல், பிள்ளையே கடையில் பார்த்துப் பொறுக்கிய கதை நூலாகத் தருக. நன்கொடையாக வரும் நூல்களை ஒருவர் பிரித்துப் பார்த்த பின்பே அலமாரியில் வைக்க விதி செய்க. அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். நூல் தொலையும் என்கிறீர்கள், தொலையட்டும். பார்சல் அலுவலகத்தில் 20 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன், சிப்பம் முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் எங்கள் கணக்கில் அது இழப்பாகாது.

பெற்றோரிடம் ஒன்றே கேட்கிறேன். ஞாயிறு காலை 10 மணிக்குப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது உள்ளே வந்து, உங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிறு யார் வருகிறீர்கள் என்று பெயர் எழுத, வாயிலருகே ஒரு தாள் வைத்திருக்கிறேன். பேனாவும் கட்டித் தொங்குகிறது.

நாடகத்துக்குத் திரை தயாராகிவிட்டதாக அங்கிருந்து கையசைக்கிறார்கள்.